கொசப்பேட்டை டேலியாவுக்கு என்ன ஆச்சு?

வேலூர் கொசப்பேட்டையில் இருக்கும் பெரியம்மா போன் செய்தால் முதலில் மூட்டு வலி, அடுத்து எதிர்வீட்டுக்காரர் வண்டி நிறுத்துகிற லட்சணம், அதற்கப்புறம்தான் விஷயம். அந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்த எடுப்பிலேயே விஷயத்துக்கு வந்துவிட்டார். "அந்த டேலியா போய்டும் போல கீதுடி. ஒரு எட்டு வந்து இன்னான்னு பாத்துட்டுப் போ."

ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள் நான். லீவு நாளெல்லாம் சத்துவாச்சாரி வீட்டு மொட்டை மாடியில்தான் போகும். சொந்தத்தில் யார் வீட்டில் செடி வாடினாலும் எனக்குத்தான் போன் வரும். நானும் போவேன். பெரியம்மா வீடு என்றால் போவதற்கு ஒரு கூடுதல் காரணம், அவர் போடுகிற காபி.

டேலியா கிழங்கிலிருந்து முளைக்கிற பூச்செடி. அந்தக் கிழங்கு பெங்களூரில் இருக்கும் அண்ணன் ஆன்லைனில் வாங்கி அனுப்பியது. அடர் சிவப்பு, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பூக்கும் என்று படம் போட்டிருந்த ரகம். ஐப்பசி மழையில் மாடியில் வைத்தால் அழுகிவிடும் என்று பெரியம்மா புரட்டாசியிலேயே அதை ஹாலில் டிவி பக்கத்தில் வைத்து முளைக்க விட்டிருந்தார். அந்த யோசனையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. முளைக்காத டேலியா கிழங்குக்கு மழை பெரிய எதிரி. வேர் பிடிக்கும் முன்னால் ஈரத்திலேயே ஊறிக்கிடந்தால் குழைந்துவிடும்.

ஆனால் வீட்டுக்குள் வைத்து வளர்ப்பது பற்றி வீடியோக்களில் சொல்வதெல்லாம் குளிர்நாட்டுக்காரர்கள் சொல்வது. அவர்கள் பனிக்குப் பயந்து உள்ளே வைக்கிறார்கள். மார்ச், ஏப்ரலில் அங்கே மண் சில்லென்று கிடக்கும். கடைசிப் பனி போய், மண் 15 டிகிரியைத் தாண்டிய பிறகுதான் செடியைத் தோட்டத்துக்கு மாற்றுவார்கள். வேலூரில் மார்கழி விடியற்காலையில் கூட தொட்டி மண் அவ்வளவு குளிராது. நமக்கு உள்ளே வைக்க ஒரே நியாயம் மழைதான். ஆகவே தொட்டிக்கு அடியில் சூடு கொடுக்கிற பாய் வாங்கு, கதகதப்பான மூலையாகப் பார்த்து வை என்பதையெல்லாம் நாம் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். வெளிச்சத்தைப் பற்றி அவர்கள் சொல்வதை மட்டும் விட்டுவிடக் கூடாது. நம் ஆட்கள் சரியாக அதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

சரி, செடியைப் பார்ப்போம்.

ஒரு முழத்துக்கு மேல் வளர்ந்து, ஜன்னல் பக்கமாகச் சாய்ந்து நின்றது. ஒரு ஜோடி இலைக்கும் அடுத்த ஜோடிக்கும் நடுவில் நான்கு விரல் வைக்கலாம், அவ்வளவு இடைவெளி. தண்டு பென்சில் கனம் கூட இல்லை. அடியிலைகள் மஞ்சளாகி, தொட்டால் துவண்டன. மேலே இருந்த இலைகள் பச்சைதான், ஆனால் ஓரமெல்லாம் பழுப்பாகக் கருகி மொறுமொறுவென்று இருந்தது. விரலால் தேய்த்தால் உதிர்ந்தது. மண்ணின் மேல் அங்கங்கே வெள்ளைப் பூச்சு. தொட்டியோ பார்க்கப் பார்க்க அழகு. கரிகிரியில் செய்த பச்சை மெருகு போட்ட பாண்டம், பெரியம்மா கல்யாணத்துக்கு யாரோ கொடுத்ததாம்.

என்னென்ன வைத்தியம் ஆயிற்று என்று கேட்டேன். வாழைப்பழத் தோல் ஊறவைத்த தண்ணீர், டீத்தூள், முட்டை ஓடு. கீழ்வீட்டுக்காரர் சொன்னார் என்று ஒரு ஸ்பூன் டிஏபி ரசாயன உரம். பெரியப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "அத்த தூக்கிப் போட்டுட்டு ஒரு கனகாம்பரம் வைங்கன்னு அப்பவே சொன்னேன்" என்றார். கனகாம்பரம் பற்றி அவர் சொல்வது நியாயம்தான். வேலூர் வெயிலுக்குப் பிறந்த செடி அது. ஆனால் அன்றைக்குக் கேள்வி அதுவல்ல.

இலையைப் பார்த்தவுடன் மருந்து சொல்கிறவர்கள் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. இலை மஞ்சளாவதற்குப் பத்துக் காரணம் இருக்கும். தண்ணீர் அதிகமானாலும் மஞ்சள், குறைந்தாலும் மஞ்சள், தழைச்சத்து இல்லாவிட்டாலும் மஞ்சள், வேர் அழுகினாலும் மஞ்சள். இலை வாடியிருக்கிறதே என்று தண்ணீர் ஊற்றுகிறோம். மண் ஈரமாக இருக்கும்போதே இலை வாடுகிறது என்றால் வேருக்குக் குடிக்க முடியவில்லை என்று அர்த்தம். மேலே மேலே ஊற்றினால் மிச்ச வேரும் போகும். உரமும் அப்படித்தான். புதிதாக முளைத்த டேலியாவுக்கு முதல் சில வாரங்களுக்கு உரமே தேவையில்லை. கிழங்கு என்பது செடி போன வருஷம் போட்டு வைத்த வைப்புத்தொகை. முளை அதை எடுத்துச் செலவு செய்துதான் மேலே வரும். கிழங்கு கெட்டுப்போயிருந்தால் வெளியிலிருந்து எந்த டிஏபி போட்டும் ஈடுகட்ட முடியாது. அதனால் நான் எப்போதும் தண்ணீரில் ஆரம்பித்து, அடுத்து தொட்டியைக் கவிழ்த்து, கடைசியில்தான் இலைக்கு வருவேன்.

"பெரியம்மா, இதுக்கு எந்தத் தண்ணி ஊத்தறீங்க?"

"அதான், ஆர்ஓ மெஷின்ல பைப்பு வழியா வெளிய போகுதே, அந்தத் தண்ணி. பக்கெட் வெச்சிப் புடிச்சி ஊத்தறேன். வீணாவா போவணும்?"

பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது.

ஆர்ஓ மெஷின் தண்ணீரைச் சுத்தம் செய்கிறது என்றால் உப்பைக் காணாமல் அடிப்பதில்லை. ஒரு பக்கம் உப்பு குறைந்த தண்ணீரைக் குடத்துக்கு அனுப்பிவிட்டு, அதிலிருந்த உப்பையெல்லாம் மிச்சத் தண்ணீரோடு சேர்த்து இன்னொரு பக்கம் வெளியே தள்ளுகிறது. நம் ஊர் போர் தண்ணீர் ஏற்கெனவே எப்படிப்பட்டது என்று வெந்நீர் போடுகிற பாத்திரத்தின் அடியைப் பார்த்தாலே தெரியும். அது இன்னும் கெட்டியாகி வருவதுதான் அந்தக் கழிவுத் தண்ணீர். வீடு துடைக்கலாம், வண்டி கழுவலாம், பாத்ரூமுக்கு ஊற்றலாம். தொட்டிச் செடிக்கு, அதிலும் டேலியாவுக்கு, வேண்டவே வேண்டாம். நிலத்தில் நிற்கிற தென்னையாவது சமாளித்துக்கொள்ளும். தொட்டியில் தண்ணீர் ஆவியாகும், உப்பு மட்டும் அங்கேயே தங்கும். மண் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது அதுதான். இலையின் ஓரம் கருகியதும் அதனால்தான். இலை தண்ணீரை ஆவியாக விடும்போது, தண்ணீரோடு ஏறிவந்த உப்பு கடைசியில் விளிம்பில் போய்ச் சேர்கிறது, அங்கேதான் முதலில் கருகுகிறது. போதாக்குறைக்கு டிஏபியும் ஓர் உப்புதான்.

வேலூரில் பல வீடுகளில் இப்போது காவேரித் தண்ணீர் வருகிறது. பெரியம்மா அதைச் சாமி தீர்த்தம் மாதிரி சமையலுக்கு மட்டும் எடுத்து வைப்பார். அதைச் செடிக்கு ஊற்றச் சொன்னால் என்னை வீட்டுக்குள் விடமாட்டார். நல்லவேளை, ஐப்பசி. மாடியில் இரண்டு பக்கெட்டை வைத்தால் மழைத் தண்ணீர் தானாக நிரம்புகிறது. அதைவிட நல்ல தண்ணீர் எந்தச் செடிக்கும் கிடையாது.

அடுத்து தொட்டி. கரிகிரிப் பாண்டத்துக்கு அடியில் ஓட்டை இல்லை. அதற்காகத்தான் பிளாஸ்டிக் தொட்டியில் நட்டு, அதை உள்ளே இறக்கி வைத்திருந்தார்கள். உள் தொட்டியைத் தூக்கினேன். அது வரவே மறுத்தது, அப்புறம் சளக்கென்று வந்தது. பாண்டத்தின் அடியில் இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர். கறுப்பாக, சாக்கடை நாற்றத்தோடு. மேல் மண் காய்ந்திருக்கிறதே என்று பெரியம்மா தினமும் ஒரு சொம்பு ஊற்றியிருக்கிறார். அடி மண் அந்தத் தண்ணீரில் உட்கார்ந்தே இருந்திருக்கிறது. பெரியப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தார். நாற்றம் வந்தால்தான் அவருக்குத் தோட்டக்கலையில் ஆர்வம் வரும்.

செடியோடு தொட்டியைக் கவிழ்ப்பதற்குப் பலருக்குப் பயம். இலை வாடியிருக்கும் செடியைப் போய்க் கிளறலாமா என்பார்கள். வாடியிருப்பதால்தான் கிளற வேண்டும். பழைய பேப்பரை விரித்து, தண்டின் அடியை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு, தொட்டியைச் சாய்த்துத் தட்டினால் மண் கட்டியாக வந்துவிடும். டேலியாவில் தண்டைப் பிடித்து இழுக்க மட்டும் கூடாது. கழுத்து முறிந்தால் கதை முடிந்தது.

இந்தக் கழுத்து விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காசு கொடுத்து ஏமாறுகிற இடமே அதுதான். உருளைக்கிழங்குக்கு உடம்பெல்லாம் கண். எங்கே வெட்டி நட்டாலும் ஒரு கண் இருந்தால் முளைக்கும். டேலியா கிழங்கின் உடம்பில் ஒரு கண்ணும் கிடையாது. குண்டான கிழங்கு, அதற்கு மேல் ஒல்லியான கழுத்து, கழுத்து போய் பழைய தண்டின் அடியோடு சேருகிற இடம். அந்தச் சேருகிற இடத்தில்தான் கண் இருக்கும், குண்டூசித் தலை மாதிரி சின்னதாக, சில ரகத்தில் இளஞ்சிவப்பாக. அந்தத் துண்டு இல்லாமல் வெறும் கிழங்கு மட்டும் வந்தால் கொழுகொழுவென்றுதான் இருக்கும், மண்ணில் வைத்தால் வேர்கூட விடும். ஆனால் முளை மட்டும் ஒருநாளும் வராது. அண்ணன் வாங்கிய பொட்டலத்தில் அப்படி ஒன்று இருந்தது. கழுத்து முறிந்து, தோல் மட்டும் ஒட்டிக்கொண்டு தொங்கியது. பெரியம்மா அதையும் பக்கத்துத் தொட்டியில் நட்டுத் தினமும் கும்பிடாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எடுத்துக் காட்டினேன். "அப்போ இது குழம்புக்குத்தான் லாயக்கா?" என்றார். உண்மையில் டேலியா கிழங்கைச் சாப்பிடலாம், அதில் மாவுச்சத்துக்குப் பதில் இனுலின் என்கிற நார்ச்சத்துதான் நிறைய. ஆனால் நடவுக்கென்று விற்கும் கிழங்கில் பூஞ்சை மருந்து தடவியிருக்க வாய்ப்புண்டு. குழம்பு வேண்டாம் என்று குப்பைக்கு அனுப்பினோம்.

மண்ணை மெதுவாக உதிர்த்தேன். மேல் பாதியில் வெள்ளை வேர்கள் கொஞ்சம் இருந்தன, நல்லவை. கீழ்ப் பாதியில் இருந்த வேரெல்லாம் பழுப்பாகி, இழுத்தால் மேல்தோல் உருவிக்கொண்டு நடுநூல் மட்டும் கையில் நின்றது. அது செத்த வேர். கொத்தில் இரண்டு கிழங்கு. ஒன்று கல் மாதிரி கெட்டி. இன்னொன்றை அழுத்தினால் நுனிப் பக்கம் விரல் உள்ளே போனது, புளித்த வாடை வந்தது. கழுத்து வரைக்கும் இன்னும் அழுகல் ஏறவில்லை. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் கழுத்தைத் தாண்டி, தண்டின் அடிக்கு வந்து, நல்ல கிழங்கையும் சேர்த்துக்கொண்டு போயிருக்கும்.

சமையலறைக் கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்து, அழுகிய கிழங்கைக் கழுத்தோடு அறுத்தேன். இப்படி வெட்டும்போது வெட்டுவாயைப் பார்க்க வேண்டும். முழுக்க வெள்ளையாக, புத்தம்புதிதாக இருக்க வேண்டும். பழுப்பு வளையம், பழுப்புப் புள்ளி ஏதாவது தெரிந்தால் கத்தியை மறுபடி துடைத்துவிட்டு இன்னொரு சீவல் எடுக்க வேண்டும். செத்த வேர்களையும் கத்தரித்தேன். மீதி வேரை ஈரத்துணியில் சுற்றி, வெட்டுவாய் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி நிழலில் சாயங்காலம் வரை காற்றாட வைத்தோம். பெரியம்மா மஞ்சள் தூள் அப்பச் சொன்னார். சிலர் பட்டைத் தூள் என்பார்கள், சிலர் கந்தகத் தூள். என்னைக் கேட்டால் தூளைவிட முக்கியம் வெட்டுவாய் காய்வது. காயாமல் எதை அப்பினாலும் சேறுதான். மஞ்சளும் போட்டோம், பெரியம்மாவின் திருப்திக்கு.

வேர் பாதி போய்விட்டது, இலை மட்டும் முழுசாக இருந்தால் செடி தாங்காது. அதனால் மேலே மூன்று ஜோடி இலை விட்டுத் தலையைக் கிள்ளினேன். "அய்யோ, மொளையையே கிள்ளிட்டியே!" என்று பெரியம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். நோயில்லாத டேலியாவையே மூன்று நான்கு ஜோடி இலை வந்ததும் கிள்ளத்தான் வேண்டும். அப்போதுதான் பக்கக் கிளை வரும், செடி குட்டையாகப் புதராகும். இளசாக இருக்கும்போது கிள்ளுவது நல்லது. முற்றிய டேலியா தண்டு உள்ளே குழல், அப்போது வெட்டினால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கித் தங்கி அழுகும்.

அடியிலிருந்து புதிதாக இரண்டு முளை, விரல் நீளத்துக்கு வந்திருந்தது. அதில் ஒன்றை அடியோடு ஒட்டிச் சீவி எடுத்தேன். கிள்ளிய தலையிலும் ஒரு நல்ல கணு இருந்தது. கணுவுக்குக் கீழே வெட்டி, கீழ் ஜோடி இலையை எடுத்துவிட்டு, இரண்டையும் ஈர மணலில் நட்டு, அடி வெட்டிய தண்ணீர் பாட்டிலை மேலே கவிழ்த்து, மூடியை மட்டும் திறந்து வைத்தோம். இரண்டு மூன்று வாரத்தில் வேர் விடும். கிழங்கு தேறாமல் போனாலும் அதே ரகம் கையில் இருக்கும், சீசன் முடிவதற்குள் அந்தக் குச்சியும் அடியில் தன் கிழங்கை வைத்துவிடும். டேலியா அழுகத் தொடங்கியது என்று தெரிந்தால் நான் முதலில் செய்வது இதுதான். கிழங்கைக் காப்பாற்றுவது இரண்டாம் பட்சம்.

மறு நடவுக்கு மண். செம்மண் ஒரு பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு, தண்ணீர் வடிய மணல் ஒரு பங்கு என்பது என் கணக்கு. பாலாற்று மணல் அள்ளக் கூடாது, வாங்கலாம் என்றால் தங்கம் விலை. அதனால் நான் மணலில் பாதிக்கு மேல் குறைத்து, அதற்குப் பதில் கருக்கிய உமி போடுகிறேன். ஆரணிப் பக்கம் போகிறவர்களிடம் சொல்லி வைத்தால் அரிசி மில்லிலிருந்து ஒரு மூட்டை வந்துவிடும். கோகோபீட், அதாவது தேங்காய் நார்த்தூள், போடுகிறவர்கள் அதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகு போடுங்கள், கழுவாத நாரிலும் உப்பு உண்டு. 12 அங்குலத்துக்குக் குறையாத தொட்டி, அடியில் ஓட்டைகள். மூங்கில் குச்சியை முதலில் ஊன்றிவிட்டு அதன் பக்கத்தில் கிழங்கைப் படுக்க வைத்து நட வேண்டும். செடி சாய்ந்த பிறகு குச்சி ஊன்றினால் அது நேரே கிழங்கில் குத்தும், குத்திய இடத்தில் அழுகல். நட்டதும் மழைத் தண்ணீர் ஒரு தடவை. அதன் பிறகு விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால்தான் அடுத்த தண்ணீர். கரிகிரிப் பாண்டம் டிவி பக்கத்திலேயே இருக்கிறது, இப்போது அதில் குடை வைக்கிறார்கள்.

வேர் அழுகாமல் உப்பு மட்டும் ஏறிய செடி என்றால் இத்தனை அறுவைச் சிகிச்சை வேண்டாம். மண் மேலிருக்கும் வெள்ளைப் பூச்சைச் சுரண்டிவிட்டு, தொட்டி கொள்ளளவைப் போல இரண்டு மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி, அடியில் முழுசாக வடிய விட்டால் உப்பு கரைந்து போய்விடும். கருகிய ஓரம் பச்சையாக மாறாது. புதிதாக வரும் இலை ஓரம் சுத்தமாக இருக்கிறதா என்பதுதான் கணக்கு.

இனி வெளிச்சம். ஹாலில் டியூப்லைட், திறந்த கதவு, ஜன்னல் எல்லாம் இருக்கிறதே, இதற்கு மேல் என்ன வெளிச்சம் என்று பெரியம்மா கேட்டார். நம் கண் இருட்டுக்குத் தக்கபடி தன்னைச் சரிசெய்துகொள்ளும், அதனால் நமக்கு வித்தியாசம் உறைக்காது. போனில் வெளிச்சம் அளக்கும் செயலியைப் போட்டுக் காட்டினேன். டிவி பக்கத்தில் சில நூறு லக்ஸ்தான். வெளியே உச்சி வெயில் ஒரு லட்சம் வரைக்கும் போகும். செடி நீண்டு, இலைக்கு இலை இடைவெளி விட்டு, சாய்ந்து நிற்பதற்கு வேறு வியாதி தேட வேண்டியதில்லை.

எந்த ஜன்னல் என்பதையும் யோசிக்க வேண்டும். புரட்டாசி பாதிக்கு மேல் சூரியன் தெற்கே சாய்ந்துவிடுகிறான். வேலூரில் டிசம்பர் மாதம் உச்சி நேரத்திலும் வெயில் தெற்கு ஜன்னல் வழியாக உள்ளே விழும், சித்திரையில் அது நடக்காது. ஆகவே மழைக் காலத்துக்கும் பனிக் காலத்துக்கும் டேலியாவுக்குத் தெற்கு ஜன்னல், இல்லையென்றால் கிழக்கு. மேற்கு வேண்டாம், சாயங்காலம் சுவர் அனலாக இருக்கும். பெரியம்மா வீட்டில் தெற்கே ஒரு சின்ன சிட்-அவுட், மேலே ஓடு. மழையும் படாது, வெயிலும் வரும். தொட்டியை அங்கே மாற்றினோம். உள்ளே வளர்ந்த இலையை ஒரே நாளில் முழு வெயிலில் வைத்தால் வெளுத்துக் கருகிவிடும் என்பதால் முதல் ஒரு வாரம் காலை வெயில் மட்டும்.

மழைக்குத் தப்பியது போக, ஹாலில் வைத்ததில் இன்னொரு லாபம் உண்டு, பெரியம்மாவுக்குத் தெரியாமலே நடந்தது. டேலியா பகல் நீளத்தைப் பார்த்து முடிவெடுக்கிற செடி. பகல் 12 மணி நேரத்துக்குக் கீழே இறங்கினால் மேலே வளர்வதைக் குறைத்துக்கொண்டு அடியில் கிழங்கு பருக்க வைக்கப் போய்விடும். நமக்கு அக்டோபர் முதல் வாரத்திலிருந்தே 12-க்குக் கீழே, டிசம்பர் கடைசியில் சுமார் 11 மணி 20 நிமிடம். சின்னச் செடிக்கு அது சீக்கிரமே கடையைக் கட்டச் சொல்கிற மாதிரி. சீரியல் முடிகிற வரை ஹாலில் லைட் எரிவதால் செடிக்குப் பகல் ஓரளவு நீண்டது. அந்த வெளிச்சம் பகலை நீட்டும், வயிற்றை நிரப்பாது. இரண்டும் வேறு வேறு. சிட்-அவுட்டில் இப்போது ஒரு 9 வாட் எல்இடி பல்பு, இருட்டியதும் இரண்டு மூன்று மணி நேரம். செடி முழங்கால் உயரம் வந்து கிளை பிரிந்ததும் நிறுத்திவிடலாம்.

பெரியம்மா வீட்டுச் செடியில் இல்லாத சில தொல்லைகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இலையின் மேல் ஊசியால் குத்திய மாதிரி நுண்ணிய வெளிர் புள்ளிகள், அடியில் மெல்லிய நூலாம்படை என்றால் செஞ்சிலந்திப் பேன். மழை இல்லாத காய்ந்த நாளில், மின்விசிறிக்கு நேர் கீழே வைத்த செடியில் இது வரும். இலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுவதே பாதி வைத்தியம். மீதிக்கு ஒரு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய இரண்டு சொட்டு சோப்புக் கரைசல், சாயங்காலம் தெளிக்கலாம். இலை நரம்பை ஒட்டி மட்டும் வெளிர்மஞ்சள் ஓடி, இலை சுருங்கி, செடி வளராமல் குட்டையாகவே நின்றால் அது தேமல் வைரஸ். அதற்கு மருந்து கிடையாது. அசுவினி என்கிற சாறுறிஞ்சும் பூச்சி அதை அடுத்த செடிக்குக் கொண்டுபோகும், அதனால் கிழங்கோடு பிடுங்கி எறிவதுதான் வழி. தண்டின் அடியில் காலிஃபிளவர் போலப் புடைத்துக்கொண்டு கொத்துக் கொத்தாகக் குட்டி முளைகள் வந்தால் அது பாக்டீரியா. நிறைய முளை வருகிறதே என்று சந்தோஷப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதையும் எறிய வேண்டும், உரக்குழியில் கூடப் போடக் கூடாது, வெட்டிய கத்தியையும் ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும்.

கார்த்திகை தீபத்துக்குப் போனபோது செடியில் புது இலை ஓரம் சுத்தமாக இருந்தது. மணலில் வைத்ததில் அடி முளை வேர் விட்டிருந்தது, கிள்ளிய தலை கறுத்துப் போயிருந்தது. முளையிலிருந்து எடுத்த குச்சிதான் எப்போதும் நன்றாகப் பிடிக்கிறது, இதைப் பலமுறை பார்த்துவிட்டேன். பொங்கலன்று மொட்டு. பூ சாப்பாட்டுத் தட்டு அளவெல்லாம் வரவில்லை, டிபன் தட்டு அளவு. தொட்டியில், நம் ஊர் இரவுச் சூட்டில் அவ்வளவுதான் வரும். டேலியா மெக்சிகோ மலைப்பகுதிச் செடி. 1963-இல் அதைத் தங்கள் தேசிய மலராக அறிவித்துக்கொண்டவர்கள் அவர்கள். பகல் வெயில் இருந்தாலும் ராத்திரி குளிர்கிற உயரம் அது. வேலூரைப் பற்றி மரமில்லா மலை, தண்ணியில்லா ஆறு என்று ஊர்க்காரர்களே சொல்லிக்கொள்வோம். அந்த மரமில்லா பாறை மலைகள் பகலில் வாங்கிய சூட்டை ராத்திரி முழுக்கத் திருப்பிக் கொடுக்கின்றன. மார்கழி, தை இரண்டு மாதம்தான் டேலியாவுக்கு நாம் தருகிற சலுகை. படத்தில் பார்த்த பூ வேண்டுமென்றால் ஏலகிரியில் வீடு பார்க்க வேண்டும்.

மாசிக்குப் பிறகு இலை பழுக்கத் தொடங்கும். அப்போது யாரும் எனக்குப் போன் செய்ய வேண்டாம், அது வியாதி இல்லை. தண்ணீரை மெல்லக் குறைத்து, தண்டு காய்ந்ததும் ஒரு சாண் விட்டு வெட்டி, தொட்டியை அப்படியே மாடிப்படிக்கு அடியில் நிழலில் தள்ளி வைத்துவிடுவேன். நான் தோண்டி எடுப்பதில்லை. தோண்டி எடுத்த கிழங்கு கத்திரி வெயில் காலத்தில் சுருங்கி முருங்கைக்காய் நெற்றாகிவிடுகிறது. மண்ணுக்குள் இருந்தால் மாதம் ஒரு தடவை அரைச் சொம்பு தண்ணீர் தெளித்தால் போதும், ஆவணிக் கடைசி வரை தாங்கும். தொட்டியின் மேல் ரகத்தின் பெயரையும் 'உள்ளே கிழங்கு' என்பதையும் மார்க்கரில் பெரிதாக எழுதி வையுங்கள். ஆடி வெள்ளிக்கு வீட்டைக் கழுவும்போது காலித் தொட்டி என்று யாராவது கவிழ்த்துக் கொட்டிவிடுவார்கள். எங்கள் வீட்டில் ஒரு வெள்ளை ரகம் அப்படித்தான் போச்சு.